ராத்திரிச் சோறும் மூன்று சப்பாத்தியும்

“சுகர் வந்ததிலிருந்து ராத்திரி சோறு கிடையாது, சப்பாத்திதான்.” மும்பையில் பாண்டுப்பிலும் தாராவியிலும் செம்பூரிலும் நடுவயதைத் தாண்டிய தமிழர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. டாக்டர் சொன்னதும் பக்கத்து மராத்தி வீட்டில் பார்த்ததும் சேர்ந்து உண்டான பழக்கம். இதில் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலனைக் கோதுமையின் கணக்கில் எழுதுவது தவறு என்பேன்.

100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். முழுக்கோதுமை மாவில் சுமார் 65. நார்ச்சத்தில் கோதுமை தெளிவாகவே முந்துகிறது. ஆனால் மூன்று சப்பாத்தி ஐந்தாகி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு பாஜியும் வந்துவிட்டால் அந்த லாபம் போய்விடும். 1,21,077 பேரிடம் நடந்த கணக்கெடுப்பின் ஒரு பகுதியாக 2025-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) நீரிழிவு ஆய்வும் இதையே காட்டுகிறது: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கு பருப்பு, பயறு, பால் வகைப் புரதமாக மாறும்போதுதான் குறைகிறது.

பிறகு சப்பாத்தியால் சிலருக்குச் சுகர் இறங்குவது எப்படி? சப்பாத்தியை எண்ணலாம், சோற்றை எண்ண முடியாது. அதிலும் நம் சாப்பாட்டு முறையில் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு மூன்று முறை விழுகிறது. ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடித்துவிட்டால் அந்த இரண்டு தடவைச் சோறு அப்படியே மிச்சம். அந்த இடத்தில் கெட்டிப் பருப்பும் கீரையும் சுண்டலும் வரட்டும். வீட்டில் ஒருவருக்குச் சப்பாத்தி, பிள்ளைகளுக்குச் சோறு என்று இரண்டு சமையல் செய்யும் பெண்ணின் பாடும் இதனால் குறையும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அரிசியையும் மாற்றலாம். மும்பைக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் கோலம் பெரும்பாலும் பச்சரிசி. புழுங்கல், இங்கே ‘உக்டா’ என்று கேட்டால் கிடைப்பது, நெல்லாகவே ஊறி அவிந்து காய்ந்தது. அதனால் அதன் மாவுச்சத்து பொதுவாகச் சற்று மெதுவாகச் செரிக்கும். புழுங்கல்தானே என்று கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அதுவும் வீண்.

சோற்றைக் குளிரவைத்துச் சூடாக்கிச் சாப்பிடும் யோசனைக்கு இப்போது மவுசு அதிகம். இந்தோனேசியாவில் 15 பேரிடம் நடந்த ஒரு சோதனையில் ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் இருந்த சோறு சுகரைக் குறைவாகவே ஏற்றியது. ஆனால் செரிக்காத மாவுச்சத்து கூடியது 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவுதான். அதை நம்பி அளவைக் கூட்டக் கூடாது. மும்பைப் புழுக்கத்தில் சோற்றை வெளியே வைத்திருந்தால் வயிறும் கெடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர் ராத்திரிச் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் தூக்கத்தில் சுகர் அபாயமாக இறங்கலாம். முதலில் டாக்டரிடம் மருந்தின் அளவைப் பேச வேண்டும். அதன்பின் ஒரு ராத்திரி சப்பாத்தி, மறு ராத்திரி அளவான உக்டா சோறும் பருப்பும் கீரையும் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால், எது தன் உடம்புக்கு ஒத்துப்போகிறது என்று அவரவருக்கே தெரியவரும்.