கங்கைகொண்ட சோழபுரமும் பக்கத் தோற்றமும்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரக் கோயிலைத் தஞ்சைப் பெருங்கோயிலின் சிறிய படியென்று கூறுவாருளர். தஞ்சைக் கோயில் 1010இல் நிறைவுற்றது, அதன் விமான நிலைகள் 13, இதன் நிலைகள் 9, உயரமும் குறைவே. எண்ணளவில் இக்கூற்றுப் பொருந்தும். ஆயின் இது வாயிலில் நின்று கண்டார் கருத்தேயாம். அரியலூர்ப் புகைவண்டி நிலையத்தில் தண்டவாளத்தை நேரே நோக்குவார்க்கு எஞ்சினின் முகம் ஒன்றே புலனாம். வண்டியின் நீளம் மேடையில் நிற்பார்க்கே உரியது. கோயிற்கும் இஃதொக்கும்.

திருச்சுற்றின் பக்கத்தே விலகி நின்று நோக்குக. தாழ்ந்து நீண்ட மண்டபமும் அதன் மேற்கே எழும் விமானமும் அங்குதான் ஒருங்கே தோன்றும். தஞ்சை விமானத்தின் விளிம்பு நேர்கோடாய் ஏறுகின்றது. இங்கோ உள்வளைந்து, மேலே செல்லச் செல்லச் செங்குத்தாகின்றது. இதனைப் 'பெண்மை' என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுதல் ஆய்வாகாது. படியெடுப்போன் கோட்டினை மாற்றான். முதலாம் இராசேந்திரன் காலத்துப் பெருந்தச்சர் மாற்றினர். மண்டபத்தின் ஒரு பகுதி பிற்காலத்தே புதுக்கப்பட்டதாகலின், அதுகொண்டு சோழர் கருத்தைத் துணிதல் இயலாது. விமான விளிம்பிற்கு அவ்விடர் இல்லை.

இன்னுமொன்று. புகழ்வாய்ந்த சண்டேசானுக்கிரக மூர்த்தி அமைந்திருப்பதும் முகப்பில் அன்று, வடபக்கப் படிக்கட்டின் அருகே. கிழக்கு வாயில் வழியே நேராகக் கருவறை நோக்கிச் செல்வார் அதனைக் காணாமலே மீள்வர்.