ஆடு பாம்பே: சித்தர் பாடல் வடிவமும் ‘அவியல்’ குழுவின் குரல் மாற்றமும்

கன்னட நாட்டில் மேல்கோட்டை எனப்படும் திருநாராயணபுரம், ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் திருப்பதிகளுள் எண்ணப்படுவதன்று. எனினும் இராமானுசர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியதாக மரபு கூறும் அவ்வூர்க் கோயிலில் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் இன்றும் ஓதப்பெறுகிறது. தெருவில் கன்னடமும் திருமுன்னர்த் தமிழும் ஒலிக்கும் இந்நிலை, பாட்டு தன் மொழியெல்லைக்கு அப்பாலும் வாழ்வதற்கு ஏட்டினும் தொண்டையே பெருந்துணை என்பதைக் காட்டும். அங்குச் சொல்லும் ஓசையும் மாறாவண்ணம் சடங்கு காத்தது. சொல் வேற்றுமொழியாகிவிட, பாடல் வடிவம் மட்டும் எல்லை கடந்து சென்ற இடங்களும் உள. அவை தமிழாய்வின் கண்ணில் அருகியே படுகின்றன. பாம்பாட்டிச் சித்தரின் பாடல் வடிவம் மலையாளம் புகுந்து, நாராயண குருவின் குண்டலினிப் பாட்டாகி, 2008இல் ஒரு ராக் இசைத்தொகுப்பை வந்தடைந்தது அத்தகையதோர் எல்லைகடப்பு ஆகும்.

அத்தொகுப்பின் பெயரும் அதை வெளியிட்ட திருவனந்தபுரம் குழுவின் பெயரும் ‘அவியல்’ என்பதே. கேரளத்தில் ராக் இசை அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடியது. கொச்சியின் 13 ஏ.டி. குழு ஆங்கிலத்திலேயே பாடிப் புகழ்பெற்றது. ‘அவியல்’ வெளிவந்த அதே 2008இல் மதர்ஜேன் குழு வெளியிட்ட ‘மக்தூப்’ தொகுப்பும் ஆங்கிலப் பாடல்களையே கொண்டது. 2003இல் தொடங்கிய அவியல் குழு மலையாளத்தை மட்டுமே தன் மொழியாகக் கொண்டது. ரெக்ஸ் விஜயனின் மின்கிட்டாரும் நரேஷ் காமத்தின் பேஸ் கிட்டாரும் மிதுன் புதன்வீட்டிலின் டிரம்ஸும் உலகெங்கும் ராக் இசையில் கேட்கும் கருவிகளே. வாயிலிருந்து வந்த சொற்களே புதியவை.

குழுவின் முதற்பாடகர் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால். ‘நட நட’ பாடலால் குழு பெயர்பெறத் தொடங்கிய காலம் அவருடையது. தொகுப்பு வெளிவருமுன் அவர் விலகினார். அவ்விடத்திற்கு வெளியிலிருந்து எவரையும் தேடாமல், குழுவைத் தொடங்கியோருள் ஒருவரான டோனி ஜானே பாடகரானார். அதுவரை அவர் கையாண்டது டர்ன்டேபிள். அதாவது சுழலும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, பதிவான ஒலியின் ஒரு துணுக்கை மீட்டும் மீட்டும் ஒலிக்கச் செய்யும் கலை. பாடகர் விலகியதைக் குழுவுக்கு நேர்ந்த இழப்பாகக் கருதுவோர் இக்குறிப்பைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். மீள ஒலித்தலையே தொழிலாகக் கொண்டிருந்தவர் பாட வந்தபோது, அவருக்கு வாய்த்த பாடல்களுள் ஒன்று முழுவதும் மீள்வரியின்மேல் கட்டப்பெற்றது.

‘ஆடு பாம்பே’ நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. அதனை ‘நாட்டுப்புறப் பாடல்’ என்னும் பொதுப்பெயருள் அடக்கிவிடுதல் பொருந்தாது. குரு தமிழறிந்தவர்; தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் இயற்றியவர்; திருக்குறளின் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளமாக்கியவர். அவருக்கு யோகம் பயிற்றிய தைக்காடு அய்யாவு சுவாமிகள் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தமிழர். பாம்பை விளித்து ஆடுமாறு ஏவும் விளியும், பாடலெங்கும் அவ்வேவல் மீளும் முறையும் பாம்பாட்டிச் சித்தரை நேரே நினைவூட்டுவன. குரு அவ்வடிவத்தைத் தெரிந்தே எடுத்தாண்டார் எனக் கொள்வதில் தடையில்லை.

சித்தர் பாடலாய்வு பெரிதும் பொருள்கோளைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. பாம்பு குண்டலினி, புற்று உடல் எனக் குறியீடுகளுக்கு அகராதி வகுப்பதோடு ஆய்வு நிறைவடைந்துவிடுகிறது. பாடலின் ஈற்றில் ஓயாது வரும் ஏவலோ, பொருள் ஏற்கெனவே விளங்கிவிட்டமையால், விளக்கம் வேண்டாததாகிறது. படிப்போர் கண் இரண்டாம் மூன்றாம் பாடலிலேயே அதனைத் தாண்டிச் செல்கிறது. காது அவ்வாறு தாண்ட இயலாது. டோனி ஜானின் குரலில் கமகமோ குழைவோ இல்லை. பேச்சுக்கும் கூவலுக்கும் இடைப்பட்டது அது. மரபிசைச் செவிக்கு அக்குரல் பயிற்சியற்றதாகத் தோன்றக்கூடும். ஆயினும் தேர்ந்த சங்கீதக் குரல் ஒரு வரியை மீளப் பாடும்போது ஒவ்வொரு முறையும் புதிய சங்கதி சேர்க்கும். செவி அச்சங்கதியை நாடும், ஏவல் பின்னுக்குச் செல்லும். இக்குரல் சங்கதி சேர்ப்பதில்லை. எனவே ஏவல் ஏவலாகவே நிற்கிறது. பாம்பாட்டி பாம்பின் முன் அமர்ந்து செய்வதும் இதுவே. அவனுக்கு வேண்டுவது பாம்பின் அசைவு.

இப்பதிவிற்கு ஒரு குறையும் உண்டு; அது சிறிதன்று. சித்தரிடத்தும் குருவிடத்தும் ஆட்டம் அடக்கத்தை நோக்கியது. ஆடும் பாம்பு மேலேறி ஒடுங்கவேண்டும். மீள்வரி அவ்வொடுக்கத்திற்குரிய பயிற்சி. ராக் இசையின் இயல்போ பெருகிச் செல்வது. கிட்டாரின் முழக்கம் கூடக்கூட உடல் ஆடுகிறதேயன்றி ஒடுங்குவதில்லை. யோகப் பாட்டு அரங்கில் ஆட்டப் பாட்டாகிறது. கேட்கும் இளைஞருக்குப் பாம்பு பாம்பாகவே நின்றுவிடவும் கூடும். மேல்கோட்டையின் ஓதுமுறை பொருள் விளங்காதார் நாவிலும் பாசுரத்தின் நோக்கத்தைக் காத்தது, அதனைச் சூழ்ந்து வழிபாடு நின்றமையால். அரங்கிற்கு அத்தகைய வேலி இல்லை.

எனினும் சித்தர் பாடலைப் பதிப்பிப்போரும் பயிற்றுவோரும் இப்பதிவை ஒருமுறையேனும் கேட்டபின் மூலத்திற்குத் திரும்புதல் பயனுடைத்து. அச்சில் வெறும் ஈற்றடியாகக் கிடந்த ஏவல், பாட்டைத் தாங்கும் தூணாக அப்போது தென்படும். பாம்பாட்டிச் சித்தர் பாடல்களை அடி, சீர் என அலகிட்டவர்கள், அவ்வேவலுக்கு முன் குரல் எங்கே மூச்சு வாங்கும் என்பதை இன்னும் குறித்துவைக்கவில்லை.