மோலெனாரின் இரண்டு வரிகள்

‘பிரச்சினை’ என்று ஒரு வரி, ‘தீர்வு’ என்று ஒரு வரி. முதல் வரி முடிகிற இடத்தில், பிரச்சினையைக் கண்டு சொன்னவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும். விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் எத்தனை சின்னத் திருத்தம் நடந்தாலும் அறிவிப்பு இந்த வடிவத்தில்தான் வரும். காலையில் காபி குடித்துக்கொண்டே இந்த அறிவிப்புகளைப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். செய்தித்தாளில் தங்கம் விலையை முதலில் பார்ப்பவர்கள் உண்டு, ராசிபலனைப் பார்ப்பவர்கள் உண்டு. நான் இதைப் பார்ப்பேன்.

விம் என்றதும் நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் சோப்புதான் நினைவுக்கு வரும். நான் சொல்லும் விம், பிராம் மோலெனார் என்ற நெதர்லாந்துக்காரர் 1988-இல் தன்னுடைய அமிகா கம்ப்யூட்டருக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நகலெடுக்கும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். யூனிக்ஸ் இயந்திரங்களுக்காக பில் ஜாய் 1976-இல் எழுதிய ‘விஐ’ என்ற எடிட்டரில் அவருக்குக் கை பழகியிருந்தது. அமிகாவில் அது கிடையாது. அதைப் போலச் செய்யப்பட்டிருந்த ‘ஸ்டீவி’ என்ற இலவச எடிட்டரை எடுத்து, தனக்கு வேண்டியபடி திருத்த ஆரம்பித்தார். 1991-இல் ஃப்ரெட் ஃபிஷ் என்பவர் அமிகாக்காரர்களுக்காகத் தொகுத்து வெளியிட்டுவந்த ஃப்ளாப்பி வரிசையில் 591-ஆவது தட்டில் விம் வெளியே வந்தது. ஆரம்பத்தில் அந்தப் பெயருக்கு ‘விஐ-யைப் போலச் செய்தது’ என்று பொருள். 1993-இல், 2.0 பதிப்பில், எழுத்துகளை மாற்றாமலே ‘விஐ-யை மேம்படுத்தியது’ என்று பொருளை மாற்றிக்கொண்டார். போலச் செய்ததை மூலத்தைவிட நன்றாகச் செய்துவிட்டோம் என்ற தைரியம் வர அவருக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

என் கண்ணுக்கு விம் எவ்வளவு பெரிய சாதனையோ, அதைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளும் அவ்வளவு பெரிய சாதனை. செய்திருக்கிறேன் என்று சொல்வதும், இப்படிச் செய்து பார் என்று சொல்லிக்கொடுப்பதும் தனியாக ஒரு கலை. அந்தக் கலையில் அவருக்கு நிகராக நான் வேறு ஒருவரைப் படித்ததில்லை.

அந்த இரண்டு வரிகளுக்கே வருகிறேன். நம் போனில் தினமும் ஏதாவது ஒரு ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. என்ன மாறியது என்று பார்த்தால், பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் கூட்டப்பட்டது என்று இருக்கும். எந்தப் பிழை, யாருக்கு வந்தது, எப்படிச் சரியானது என்று ஒன்றும் தெரியாது. மோலெனாருடைய வடிவத்தில் அப்படி எழுத முடியாது. ‘பிரச்சினை’ என்று எழுதிவிட்டால் அதற்கு எதிரே ஒரு பிரச்சினையைத்தான் எழுதியாக வேண்டும். வரியின் கடைசி எழுத்தை அழித்தால் கர்சர் தவறான இடத்தில் நிற்கிறது என்கிற மாதிரி, கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒன்று. தீர்வு வரி ஏவல் வினையில் இருக்கும். நீளத்தைச் சரிபார், நினைவகத்தை விடுவி, சோதனை ஒன்று சேர். பட்டறையில் மேஸ்திரி பக்கத்தில் நிற்கும் பையனிடம் சொல்வதுபோல.

இதில் நான் மிகவும் ரசிப்பது வேறொன்று. புதிய வசதி ஒன்றைச் சேர்க்கும்போதும் அவர் அதே வடிவத்தில்தான் எழுதுவார். பிரச்சினை: இன்னதைச் செய்ய முடியவில்லை. தீர்வு: செய்யும்படி ஆக்கு. மாதக்கணக்கில் உழைத்துக் கொண்டுவந்த வசதியாக இருக்கும். வேறு யாராக இருந்தாலும் மேளதாளத்தோடு அறிவித்திருப்பார்கள். இவர், இத்தனை நாள் இது இல்லாமல் இருந்தது என் குறை, இன்று தீர்த்தேன் என்கிற தொனியில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். விளம்பர வார்த்தை நுழைய அந்த இரண்டு வரியில் இடமே கிடையாது. 2019 டிசம்பரில் வந்த 8.2 பதிப்புக்கும் 2022 ஜூனில் வந்த 9.0 பதிப்புக்கும் நடுவில் இப்படி 5000-க்கும் மேற்பட்ட பேட்ச்கள், அதாவது சின்னச் சின்னத் திருத்தங்கள். நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல். ஒவ்வொன்றும் அவர் கை வழியாகத்தான் போனது.

அடைப்புக்குறிக்குள் வரும் பெயர்களையும் சொல்ல வேண்டும். பிழையைச் சொன்னவர் பெயர் முதல் வரியில், தீர்வை எழுதி அனுப்பியவர் பெயர் இரண்டாம் வரியில். அவரே கண்டுபிடித்து அவரே சரிசெய்ததாக இருந்தால் அடைப்புக்குறியே இருக்காது. ஜப்பானியப் பெயர், செக் பெயர், இந்தியப் பெயர் என்று உலகத்தில் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்து ஒரு தவறைக் கவனித்தவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள்.

அவர் சொல்லிக்கொடுக்கும் அழகு இன்னொரு ரகம். 2000-ஆம் வருடம் நவம்பரில், எடிட்டரைத் திறம்படப் பயன்படுத்த ஏழு பழக்கங்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். 2007-இல் கூகுளில் அதை விரித்து ஓர் உரையும் ஆற்றினார். அந்தக் கட்டுரையின் அடிப்படை மூன்றே படிகள். வேலை செய்யும்போது எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறாய், எங்கே நேரம் போகிறது என்று கவனி. அதைச் சீக்கிரம் முடிக்க வழி இருக்கிறதா என்று தேடு. கிடைத்த வழியை யோசிக்காமல் விரல் தானாகச் செய்யும்வரை பழகு. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் தானே எழுதிய கருவியைப் பற்றிப் பேசும் ஒருவர், அதன் எல்லாக் கட்டளைகளையும் கற்றுக்கொள்ளாதே, உன் வேலைக்கு நூற்றுக்குப் பத்து இருபது போதும், அந்தப் பத்து இருபது ஆளுக்கு ஆள் வேறு என்று சொல்வது சாதாரணமில்லை. தான் செய்ததில் பெரும்பகுதி உனக்கு வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

என் மேசையிலிருந்தே ஓர் உதாரணம் காட்டுகிறேன். நான் புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்க்கிறவன். வருகிற கையெழுத்துப் படிகளில் பாதிக்கு மேல் ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’ என்றே இருக்கும். றகர ஒற்றுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று வராது. முயற்சி, பயிற்சி என்பதுதான் சரி. 400 பக்கப் புத்தகத்தில் மொத்தமாக ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம்தான். ஆனால் நடுவில் ஒரு பழைய கடிதத்தை உள்ளது உள்ளபடியே அச்சிட்டிருப்பார்கள். அதில் உள்ள தவறு எழுதியவரின் கைரேகை, தொடக்கூடாது. அதனால் ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

விம்மில் சாய்கோடு தட்டி ‘ற்ச்’ என்று தேடுவேன். தேடலின் கடைசியில் இன்னொரு சாய்கோடும் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் கர்சர் தேடிய சொல்லின் முடிவில், அதாவது வேண்டாத ‘ச்’ மேலேயே, போய் நிற்கும். ‘எக்ஸ்’ விசையை ஒருமுறை தட்டினால் அந்த ‘ச்’ புள்ளியோடு சேர்ந்து போய்விடும். அடுத்த இடத்துக்குப் போக ‘என்’ விசை. அதே திருத்தத்தை மறுபடி செய்ய முற்றுப்புள்ளி. அவ்வளவுதான். என், புள்ளி. என், புள்ளி. கடிதம் வந்தால் புள்ளி வைக்காமல் ‘என்’ மட்டும் தட்டித் தாண்டிவிடுவேன். கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய் என்ற ஒற்றைப் பொருளுக்கு கீபோர்டில் இருக்கும் மிகச் சிறிய குறியை ஒதுக்கியது பழைய விஐ-யின் காலத்திலேயே வந்த யோசனை. அதை எப்போது, எதோடு சேர்த்துப் பயன்படுத்துவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது மோலெனாருடைய கட்டுரை.

தமிழ் எழுதுகிறவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. விம்மில் கட்டளை தரும் நிலை வேறு, எழுதும் நிலை வேறு. தமிழ் கீபோர்டைப் போட்டுவிட்டால் கட்டளை நிலையில் தட்டுவதும் தமிழாகப் போய் எடிட்டருக்குப் புரியாது. இதற்கும் அவர் வழி வைத்திருக்கிறார். ‘கீமேப்’ என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டால் எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும். எஸ்கேப் தட்டியதும் விசைகள் தாமாக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். விம்மோடு வரும் கீமேப் கோப்புகளில் பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கான தமிழ்க் கோப்பு ஒன்று உண்டு. யூனிகோடுக்கு நானே ஒன்று எழுதிக்கொண்டேன். இடது பக்கம் விசை, வலது பக்கம் எழுத்து என்று இரண்டே பத்தி. எப்படி எழுதுவது என்று மேன்யுவலில் விளக்கமாக இருக்கிறது. இன்னோர் அமைப்பும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் ‘எக்ஸ்’ முழு எழுத்தை அழிக்காமல் மேலே ஏறிய குறியை மட்டும் எடுக்கும்: ‘தீ’ என்பது ‘த’ ஆகும், ‘ம்’ என்பது ‘ம’ ஆகும். தமிழ் தெரியாத ஒருவர் கைபார்த்த எடிட்டரில் உயிர்க்குறியைத் தனியாகக் கழற்றி எடுக்க வழி இருப்பதை முதல்முறை பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

மேன்யுவலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். விம்முக்குள் ‘ஹெல்ப்’ என்று தட்டினால் திறக்கும் அந்தப் பெரிய நூலில் ஒரு பகுதி கருவி என்னவாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதற்குக் கீழேயே, எதுவாக இருக்கக்கூடாது என்று இன்னொரு பகுதி. விம் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் அல்ல, அழகாகத் தெரிவதற்காக ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும் எடிட்டரும் அல்ல என்று அங்கே இருக்கும். 2018-இல் வந்த 8.1 பதிப்பில் விம்முக்குள்ளேயே டெர்மினல் சன்னல் வந்தபோது, அதற்கேற்ப அந்தப் பகுதியிலும் விளக்கம் சேர்ந்தது. இன்னும் சரிசெய்யாத பிழைகளுக்கும் ஒரு கோப்பு உண்டு. ஆயிரக்கணக்கான வரிகள். அதையும் மேன்யுவலின் ஓர் அத்தியாயமாகவே வைத்து எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. விம்முக்காக அவர் உருவாக்கிய ஸ்கிரிப்ட் மொழி கரடுமுரடானது, வேகமும் குறைவு, 9.0-இல் அதையே புதிதாக எழுத வேண்டிவந்தது. எல்லாம் ஒருவர் கை வழியாகவே போக வேண்டும் என்பதால் பலர் பொறுமை இழந்தார்கள். 2014-இல் நியோவிம் என்ற எடிட்டர் விம்மிலிருந்து தனியாகப் பிரிந்து போனதற்கு அது முக்கியக் காரணம். நியோவிம் இன்று நன்றாக வளர்ந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஆள் 32 வருடம் ஒரே குரலில் எழுதிய குறிப்புகளை வேறெங்கும் படிக்க முடியாது.

கோப்பு எதுவும் தராமல் விம்மைத் திறந்தால், திரையின் நடுவில், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வரும். 1994-இல் மோலெனார் தெற்கு உகாண்டாவில் கிபாலே என்ற ஊரில் உள்ள குழந்தைகள் மையத்தில் ஒரு வருடம் தங்கி, குடிநீர், சுகாதார வேலைகளைப் பார்த்தார். எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிறைந்த பகுதி அது. ஊர் திரும்பிய பிறகு அவர்களுக்காக ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். விம்முக்கு விலை கிடையாது; பிடித்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார். இதைச் சொல்லும் பகுதிக்கு மேன்யுவலில் ‘உகாண்டா’ என்றே தலைப்பு. அங்கும் அதே நடைதான். என்ன நிலைமை, என்ன செய்கிறோம், நீங்கள் என்ன செய்யலாம். உருக்கமாக ஒரு வார்த்தை கிடையாது.

2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அவர் காலமானார். வயது 62. 2024 ஜனவரி 2-ஆம் தேதி வந்த 9.1 பதிப்பை அவருக்குக் காணிக்கை ஆக்கினார்கள். பராமரிப்பை இப்போது கிறிஸ்டியன் பிராபாண்ட் முன்னின்று நடத்துகிறார். பேட்ச்கள் இன்றும் அந்த இரண்டு வரியில்தான் வருகின்றன.

இதைப் படிக்கும் உங்களிடம் மேக் இருந்தால் விம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. லினக்ஸ் என்றால் அநேகமாக இருக்கும். டெர்மினலைத் திறந்து ‘விம்டியூட்டர்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடியுங்கள். அமெரிக்காவின் கொலராடோ சுரங்கக் கல்லூரியைச் சேர்ந்த இருவர் எழுதி, மோலெனார் விம்முக்காகத் திருத்திய பாடம் அது. படிக்கிற பாடம் இல்லை, அந்தக் கோப்பையே திருத்தித் திருத்திக் கற்றுக்கொள்கிற பாடம். அரைமணி நேரம் ஆகும். ஒதுக்குங்கள்.