'தள்ளுங்க டீச்சர்': கருவி, பயம், அதிகாரம்

1

என் அக்கா ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். அவள் வகுப்பறைச் சுவரில் இப்போது ஒரு திறன்பலகை இருக்கிறது. அதன்மேல் அவளுடைய பழைய வாயில் சேலை ஒன்று போர்த்தியிருக்கிறது. கேட்டால் 'தூசி படும்டா' என்கிறாள். தூசி மட்டும் காரணமில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பலகை வந்த புதிதில் மேலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். மூன்றாம் வகுப்புக்கு ஒரு படக்கதையைப் போட்டுக் காட்டச் சொன்னார். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. அக்கா எதையோ அழுத்தினாள், படமும் போயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள். கூட வந்திருந்த இளைஞர் 'தள்ளுங்க டீச்சர்' என்று முன்னால் வந்து ஒரே நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். அவர் கெட்டவரில்லை, உதவத்தான் வந்தார். ஆனால் தன் வகுப்பில், தன் பிள்ளைகளுக்கு முன்னால், தன் பலகையிலிருந்து தள்ளி நின்றவள் அக்கா. சேலை மறுநாள் விழுந்தது.

இந்தக் கட்டுரை அந்தச் சேலையைப் பற்றியது. 'வாத்தியாருங்களுக்குத் தொழில்நுட்பம் வராது', 'பயப்படுறாங்க', 'மாற்றத்தை எதிர்க்குறாங்க' என்றொரு சொல்லாடல் நம்மிடையே புழங்குகிறது. அதிகாரிகளை விடுங்கள், வாத்தியார் என்றாலே கேலி செய்துப் பழகிய நம் இலக்கிய நண்பர்களும் இதைச் சேர்ந்து சொல்கிறார்கள். இந்தச் சொல்லாடலில் பயம் என்பது ஆசிரியரின் மனசுக்குள் இயல்பாகவே இருக்கிற ஒரு குறை. பயிற்சி என்பது அதற்கு மருந்து. நான் இதைத் தலைகீழாகப் பார்க்க விரும்புகிறேன். பயம் ஆசிரியருக்குள்ளிருந்து வருவதல்ல. கருவி வந்து சேர்கிற விதத்தில், அதோடு சேர்த்தே உற்பத்தி செய்யப்படுவது.

அத்தாட்சி வேண்டுமா? இதே அக்கா செல்போனில் பணம் அனுப்புகிறாள். வெளியூரில் படிக்கிற மகனோடு தினமும் முகம் பார்த்துப் பேசுகிறாள். யூடியூபில் கோலம் தேடி, பிடித்ததைத் தங்கைக்கு அனுப்புகிறாள். இதெல்லாம் எந்தப் பயிற்சி முகாமில் கற்றது? வீட்டில் இருக்கிற தைரியம் வகுப்பறை வாசலில் எங்கே போய்விடுகிறது?

2

இந்த உற்பத்திக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் ஒரு முக்கியமான இடம் சென்னை எழும்பூர்.

1787இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் இராணுவ ஆண் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். (மலபார் என்று அன்றைய வெள்ளைக்காரர்கள் எழுதியது பெரும்பாலும் தமிழரைத்தான்.) பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பாகிப் போனால் கையால் தடவி அழித்துவிடலாம். அந்தக் காலத்துத் தொடுதிரை. பெல் அதைத் தன் பள்ளியில் கொண்டுவரச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர் இது நடக்காது என்றார். பெல் அவரோடு மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்துவிட்டார். பையன் செய்து காட்டினான். பிறகு பையன்களே பையன்களுக்குக் கற்பிப்பது பள்ளி முழுவதற்குமான முறையாயிற்று. 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறுநூலின் வழியாக அது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றுப் பல நாடுகளுக்கும் போயிற்று. ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் இதை ஒத்த முறையை நடத்தினார். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஏழைகளுக்கு மலிவுக் கல்வி.

நம் திண்ணைப் பள்ளியிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுபோனது இது என்று பெருமைப்படுவோர் உண்டு. தரம்பாலின் 1983ஆம் வருஷத்து நூலுக்குப் பிறகு அந்தப் பெருமை கூடியிருக்கிறது. அந்தத் திண்ணையில் 'தீண்டப்படாதவர்' எனப்பட்டோரின் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்துப் பெருமைப்படுங்கள் என்பேன். எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது வேறு. இந்தக் கதையைச் சொல்கிறவர் பெல். 'நடக்காது' என்றவரின் தரப்பு கதையில் இல்லை. அவர் சோம்பேறியா, பயந்தாரா, அல்லது அவருக்குத் தெரிந்த ஒரு காரணம் இருந்ததா? கேட்கப்படவில்லை. தள்ளப்பட்டார்.

ஒருவரையொருவர் கற்பிக்கும் இந்தப் பள்ளிகளைப் பற்றி ஃபூக்கோ 1975இல் எழுதியதை வாசகர்கள் அறிவார்கள். பள்ளி ஒரு யந்திரமாகிறது. ஒவ்வொரு பையனும் கற்கிறான், கற்பிக்கிறான், கண்காணிக்கிறான், கண்காணிக்கப்படுகிறான். அந்த யந்திரத்தில் ஆசிரியருக்கு அறிவு தேவையில்லை, மேற்பார்வை போதும்.

இருநூறு வருஷம் கழித்து, 1999இல், டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் ஓட்டை போட்டுக் கணினியைப் பொருத்தினார். சேரிப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் தாமாகவே இயக்கக் கற்றார்கள். கற்றார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தை உலகம் கொண்டாடிய விதத்தைப் பாருங்கள். கற்கத் துடிக்கும் குழந்தை ஒரு பக்கம், வழியை அடைத்து நிற்கும் ஆசிரியர் மறுபக்கம் என்ற இருமை எதிர்வு அங்கே மறுபடி நிலைநாட்டப்படுகிறது. ஃப்ரிஸ்கென் திரும்பி வந்துவிட்டான். உதவி ஆசிரியர் திரும்பவும் வெளியே.

அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியர் லாரி கியூபன் 1986இல் எழுதிய நூலில் சினிமா, வானொலி, தொலைக்காட்சி ஆகியவை அந்த நாட்டு வகுப்பறைகளுக்குள் வந்த கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் அதே வரிசைதான். முதலில் ஆரவாரம், அப்புறம் ஆராய்ச்சிச் சான்று, அப்புறம் ஏமாற்றம், கடைசியில் ஆசிரியர்மேல் பழி. 'என் வகுப்பில் இது எனக்கு என்ன வேலை செய்யும்?' என்று ஆசிரியர் கேட்ட சாதாரணக் கேள்வியை 'எதிர்ப்பு' என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

3

நம்மூருக்கு வருவோம். 2018இல் புதிய பாடநூல்கள் கியூஆர் குறியீடுகளோடு வந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி. 2022இல் எண்ணும் எழுத்தும். 2024 முதல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80,000 கையடக்கக் கணினிகள், 20,000க்கு மேற்பட்ட திறன்வகுப்பறைகள் என்று அரசுத் திட்டம். பணக்காரப் பிள்ளைக்குக் கிடைப்பது அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 'இதெல்லாம் எதுக்கு, கரும்பலகை போதாதா' என்று, தன் பிள்ளையைச் சிபிஎஸ்இயில் சேர்த்துவிட்டு எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாக்பீஸ் மேலிடத்துக்குத் தகவல் சொல்வதில்லை. டீச்சர் இன்றைக்கு எத்தனை தடவை எழுதினாள், எத்தனை தடவை அழித்தாள் என்று எந்தச் சாக்பீஸும் அறிக்கை அனுப்பியதில்லை. இப்போது கையில் இருக்கிற கருவி அப்படியல்ல. பாடம் காட்டுவதும் அதுதான். வருகைப் பதிவேடும் அதுதான். மதிப்பீட்டை ஏற்றுவதும், விலையில்லாப் பொருள் கணக்குக் கொடுப்பதும் அதுதான். எமிஸ் பதிவேற்ற வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் வருஷக்கணக்கில் கேட்டதை நாம் சோம்பேறித்தனம் என்று வாசித்தோம். அது சோம்பேறித்தனமல்ல, ஒரு கண்டுபிடிப்பு. கற்பிக்கும் கருவியும் கண்காணிக்கும் கருவியும் ஒன்றாகிவிட்டால் தைரியமாகத் தப்பு செய்ய முடியாது. தப்பு செய்ய முடியாதவர் எதையும் புதிதாகக் கற்க முடியாது. பிள்ளைகளுக்கு நாம் ஒத்துக்கொள்கிற இந்த உண்மை ஆசிரியருக்கு மட்டும் பொருந்தாதா?

பயிற்சியின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்காவைக் கொண்டுவிடப் போய் ஒரு முகாமின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அறுபது பேர், ஒரு திரை. பவர்பாயிண்டில் இருந்த ஆங்கில வரிகளை ஒருவர் வாசித்தார். யார் கையிலும் கருவி இல்லை. குளத்தங்கரையில் நாற்காலி போட்டு நீச்சல் சொல்லிக் கொடுப்பதுபோல. வாசித்தவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் மேலே ஒருவர் இப்படித்தான் வாசித்திருப்பார். மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று படிப்படியாக இறங்குகிற தண்ணீர் கடைசிப் படியில் வெறும் ஈரம்தான். ஃப்ரெய்ரே 'வங்கிமுறைக் கல்வி' என்று விமரிசித்தது பிள்ளைகளுக்கு நடப்பதை மட்டுமல்ல. ஆசிரியரின் தலையிலும் இப்படித்தான் வைப்பு வைக்கிறார்கள். சாயங்காலம் வருகைச் சான்றிதழ்.

4

இவ்வளவும் எழுதுகிற நான் யோக்கியனா? இல்லை. தமிழ் எம்.ஏ. படித்தபோது என் ஆய்வேட்டை ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அடித்து வாங்கியவன் நான். பிறகுதான் தமிழ்99 பழகினேன். பழகியதும் எனக்கும் ஒரு திமிர் வந்துவிட்டது. அக்கா 'தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடேன்' என்று மடிக்கணினியோடு வரும்போதெல்லாம் நான் சொன்னது என்ன தெரியுமா? 'தள்ளுக்கா, நான் பண்ணிடறேன்.' அவளுடைய வினாத்தாள், அவளுடைய பயிற்சித் தேர்வு, எல்லாம் என் கையால் நடந்தன. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உதவியதாக நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவளிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். ஃபூக்கோ படித்தவன் செய்த காரியம் இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே சொன்னாள்: 'டேய், நீ மொதல்ல மவுஸ்லேர்ந்து கைய எடு. நீ பக்கத்துல இருந்தா போதும்.' கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். செல்போனில் பதிவு செய்த ஒரு குரலைக் கணினிக்கு மாற்ற வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரம் சும்மா இருந்ததுதான் நான் அவளுக்குச் செய்த ஒரே உண்மையான உதவி.

அந்தக் குரல் அவள் வகுப்பில் நடுவருஷத்தில் வந்து சேர்ந்த ஒரு பையனுடையது. அப்பா, அம்மா செங்கல் சூளையில் வேலை. வகுப்பில் வாய் திறக்கமாட்டான்; திறந்தால் அவன் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். புத்தகம் அவனுக்கு எட்டவில்லை. அக்கா ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவனிடம், மண் மிதிப்பது எப்படி, பச்சைக்கல் அறுப்பது எப்படி, சூளை அடுக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறாள். அவன் சொல்லச் சொல்லச் செல்போனில் பதிந்துகொண்டாள். மறுநாள் சின்ன ஸ்பீக்கரில் அதை வகுப்புக்குப் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. கல் அறுக்கத் தெரிந்தவன் அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான். அவன் சொன்ன வரிகளை அவன் சொன்னபடியே கரும்பலகையில் எழுதினாள். தன் வார்த்தையைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தான். இந்தப் பாடம் எந்தச் செயலியிலும் இல்லை, எந்த முகாமிலும் சொல்லித் தரவில்லை.

1960களின் தொடக்கத்தில் பிரேசிலில் ஃப்ரெய்ரே நடத்திய எழுத்தறிவு வட்டங்களிலும் கருவி இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். படவில்லை காட்டும் கருவி. தொழிலாளிகளின் வாழ்க்கைக் காட்சியைச் சுவரில் காட்டி, அதைப் பற்றிப் பேசவைத்து, அந்தப் பேச்சிலிருந்து ஒரு சொல்லை எடுத்து அசை பிரிப்பார்கள். அப்படி எடுத்த சொற்களுள் புகழ்பெற்ற ஒன்று 'செங்கல்'. அக்கா ஃப்ரெய்ரேயைப் படித்ததில்லை. படித்த நான் அதுவரை அவளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்த இயக்கத்தை ஒடுக்கி ஃப்ரெய்ரேயைச் சிறையில் போட்டது. அவர்கள் பயந்தது படவில்லைக் கருவிக்கு அல்ல. கருவி யார் கையில், யாருடைய சொல்லைச் சொல்கிறது என்பதற்கு.

5

செயல்பாட்டாளத் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: 'கார்ப்பரேட் கல்விச் சந்தைக்கு நீயும் வால் பிடிக்கிறாயா?' 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது செல்போன் இல்லாத பிள்ளை வீட்டில் உட்கார்ந்ததை நானும் பார்த்தேன். அந்தச் சந்தையின் ஆசை என்ன என்றும் தெரியும்: ஆசிரியர் இல்லாத வகுப்பறை. ஆனால் கருவியைத் தொடாமல் புறக்கணித்தால் அந்த ஆசைக்குத்தான் உதவுகிறோம். தெரிந்தவர் மட்டுமே ஒன்றை வேண்டாம் என்று சொல்ல முடியும். தெரியாதவர் சொன்னால் அதற்குப் பெயர் 'பயம்'.

ஆகவே ஆசிரியருக்குத் துணை நிற்க நினைப்பவர்களுக்கு, முதலில் எனக்கு, சில விஷயங்கள். கருவியிலிருந்து தொடங்காதீர்கள், அவர் ஏற்கெனவே நன்றாக நடத்துகிற ஒரு பாடத்திலிருந்து தொடங்குங்கள். அதில் எங்கே இடறுகிறது என்று கேளுங்கள். ஒரே ஒரு வேலை, அதுவும் அவர் கையால். பக்கத்துப் பள்ளி டீச்சர் சொல்லிக் கொடுப்பது நிபுணர் சொல்வதைவிட ஒட்டும், ஏனென்றால் கரண்ட் போனால் என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியும். 'எனக்கும் தெரியல, சேர்ந்து பார்ப்போம்' என்று ஆசிரியர் பிள்ளைகளிடம் சொல்லக்கூடிய வகுப்பு வேண்டும். எட்டு வயது ஃப்ரிஸ்கென் அங்கே ஆசிரியருக்குப் பதிலாக அல்ல, ஆசிரியரோடு இருப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, பழகும் காலத்தில் யாரும் எண்ணிக்கை கேட்கக் கூடாது. எத்தனை நிமிஷம் திறன்பலகை ஓடியது என்ற கேள்வியைச் சங்கங்களும் நாமும் சேர்ந்து எதிர்க்க வேண்டும்.

போன மாதம் அக்கா பள்ளிக்குப் போனேன். பலகைமேல் அந்தச் சேலை இன்னும் கிடக்கிறது. பிள்ளைகளின் குரல்களைப் போட்டுக்காட்ட வேண்டியிருந்தால் அதை எடுத்து மடித்து மேஜைமேல் வைக்கிறாள். வேண்டாத நாளில் போர்த்திவிடுகிறாள். எடுப்பதும் அவள்தான், போடுவதும் அவள்தான். நான் சன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.