சராசரியில் மூழ்கிய சம்பா

‘வடகிழக்குப் பருவமழை இயல்பு’ - 2020-ம் வருஷக் கணக்கை இப்படித்தான் முடித்தார்கள். அடுத்த மாதமே, 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி டெல்டாவில் கொட்டித் தீர்த்தது மழை. அறுப்புக்குத் தயாராக நின்ற சம்பா சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, வயலிலேயே முளைத்துப்போனது.

இந்த மழை எந்தக் கணக்கில் வரும் தெரியுமா? பருவமழைக் கணக்கில் வராது! வானிலைத் துறைக்கு வடகிழக்குப் பருவம் அக்டோபர் முதல் தேதி தொடங்கி, டிசம்பர் 31-ல் முடிந்துவிடுகிறது. ஜனவரி மழை, ‘குளிர்காலம்’ என்கிற வேறு லெட்ஜருக்குப் போய்விடும். சம்பாவோ தை, மாசியில்தான் அறுப்புக்கு வருகிறது.

‘இயல்பு’ என்ற வார்த்தையும் சாதாரணமானதல்ல. சராசரியைவிட 19 சதவீதம் கூடினாலும் இயல்பு. 19 சதவீதம் குறைந்தாலும் இயல்பு. மூணு மாச மழை மூணே நாளில் பெய்தாலும், கூட்டுத்தொகை சரியாக வந்தால் இயல்புதான். பி.காம். படித்த எனக்கு இந்த வித்தை புதுசில்லை. வருஷக் கடைசியில் பேலன்ஸ் ஷீட் லாபம் காட்டும்; நடுவில் ஒரு மாசம் சம்பளம் போடக் காசில்லாமல் கம்பெனி இழுத்து மூடப்பட்டிருக்கும்!

பருவநிலை மாற்றம் பற்றி வருகிற அறிக்கைகள் மீது என் புகாரும் இதுதான். அவை பொய் சொல்வதில்லை, சராசரி சொல்கின்றன. 2100-ல் வெப்பம் இத்தனை டிகிரி கூடும், மாநிலத்தின் மழை இத்தனை சதவீதம் மாறும்... சரி, ஆவணியில் நாற்று விடப்போகிற திருவாரூர்க்காரர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

சராசரியை உடைத்துப் பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது என்பது விஞ்ஞானிகளுக்கும் தெரியும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் பல வருஷம் எடுத்த கணக்கை வைத்து, 2004-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மழையில்லாத பருவத்தில், இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல் மகசூல் 10 சதவீதம் குறைகிறது என்றது அது. பகல் வெப்பத்தால் அங்கே சொல்லிக்கொள்ளும்படி பாதிப்பு இல்லை! பகலையும் இரவையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தால், இந்த உண்மை நம் கைக்கு வந்தே இருக்காது.

ஐ.நா-வின் பருவநிலைக் குழு 2021-ல் தந்த அறிக்கையும் இதே வழியில் ஒன்று சொல்கிறது. பூமி ஒரு டிகிரி சூடானால், ஒரே நாளில் கொட்டும் பெருமழையின் வேகம் சுமார் 7 சதவீதம் கூடும். வருஷ மொத்தம் எவ்வளவு என்பதல்ல, எந்த நாளில் எப்படிக் கொட்டும் என்பதுதான் நம் தலைவலி.

தீர்வுகளுக்கும் இது பொருந்தும். வெள்ளம் தாங்கும் ‘சி.ஆர்.1009 சப்-1’ நெல் நல்ல கண்டுபிடிப்பு. இளம் பயிராக இருக்கையில் இரண்டு வாரம் முழுசாக மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால், முற்றிய கதிர் சாய்ந்து கிடக்கும் ஜனவரியில் அந்த குணம் கைகொடுக்காது.

சராசரி நோய் ஆபீஸையும் விடவில்லை. பயிர் இன்ஷூரன்ஸில் நெல் மகசூல் இழப்பைக் கணக்கிட வருவாய்க் கிராமம்தான் யூனிட். மேட்டுக்காரர் நன்றாக அறுத்திருந்தால், பள்ளத்துக்காரர் இழப்பு அந்தச் சராசரியில் கரைந்துபோகும். பிரீமியத்தை மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் கட்டுகிறார்கள்!

இன்றைக்கு விவசாயி கையில் இரண்டு தகவல் இருக்கிறது. ஒன்று, அடுத்த ஐந்து நாள் வானிலை. இன்னொன்று, இந்த நூற்றாண்டின் முடிவு. அவர் முடிவெடுக்க வேண்டியது இரண்டுக்கும் நடுவில்... 150 நாள் ரகமா, 130 நாள் ரகமா? எந்த வாரம் விதைத்தால் எந்த வாரம் அறுப்பு? அந்த வாரத்தில் பெருமழைக்கு எத்தனை வாய்ப்பு? கடந்த 20, 30 வருஷத்தில் அது எப்படி மாறியிருக்கிறது?

மழைக்கணக்கு இருக்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ஆளும் இருக்கிறார்கள், கம்ப்யூட்டரும் இருக்கிறது. அடுத்த அறிக்கை எழுதப்போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: மாநிலத்துக்கு ஒரு நம்பர் வேண்டாம். பிளாக்குக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று கொடுங்கள். அதையும் தமிழில், ஆவணிக்கு முன்னால் கொடுங்கள்.

கணக்கை டிசம்பரில் மூடுவது உங்கள் சௌகரியம். நெல்லுக்கு அது தெரியாது சார்!