கைதட்டலுக்கு முன்னால்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தர்மபுரிக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தோளில் ஒரு பை. பைக்குள் 110 பக்கத்தில் ஒரு சினிமாக் கதை.

"கம்பெனி எதுவும் இல்லீங்க சார். நானும் நாலு சிநேகிதங்களும் சேர்ந்து எடுக்கப் போறோம். காமிரா இருக்கு. நாயனம் வாசிக்கிற பசங்களைப் பத்தின கதை. நீங்க படிச்சுப் பாத்துச் சொல்லணும்" என்றார்.

படித்தேன். நம் ஜில்லாவில் ஒரு நாயனக் குடும்பம். பையன் அப்பாவிடம் கற்றுக்கொள்கிறான். சென்னைக்குப் போகிறான், அவமானப்படுகிறான். பிறகு ஒரு மார்கழியில் பெரிய சபாவின் மேடை ஏறுகிறான். சபை எழுந்து நின்று கைதட்டுகிறது. கடைசி வரிசையில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எனக்கும் கண் கொஞ்சம் கசிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண் கசிவதற்கும் கதை நன்றாயிருப்பதற்கும் அதிக சம்பந்தம் கிடையாது என்பது நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தெரியாத விஷயமல்ல.

மறுவாரம் வந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, இந்தப் பையன் உங்க படத்திலே எவ்வளவு நேரம் சாதகம் பண்றான்?"

யோசித்தார். "ஒரு பாட்டுக்குள்ளேயே காட்டிடறோம் சார். நாலு நிமிஷம் வரும்."

"கைதட்டல்?"

"அது… கடைசிக் கச்சேரியோட சேர்த்தா ஒரு கால் மணி வருங்க."

தவறு அவருடையது மட்டுமல்ல. நம் நாட்டில் சங்கீதக்காரர்களைப் பற்றி எடுத்த படங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் ஒருபுறம்; கன்னத்தையும் விரலையும் வைத்துக்கொண்டு அதைத் தானே வாசிப்பதாக நம்மை நம்ப வைத்த சிவாஜி கணேசன் மறுபுறம். ஆனால் சிக்கல் சண்முகசுந்தரம் படத்தின் ஆரம்பத்திலேயே பெரிய வித்வான். அவர் எப்படி வித்வான் ஆனார் என்பது கதைக்கு அவசியமில்லை. போட்டியும் காதலும் போதுமாயிருக்கின்றன. நாம் பார்ப்பது பழுத்த பழத்தை, மரத்தை அல்ல.

ஒரு சங்கீத மாணவனின் வாழ்க்கையில் கைதட்டல் என்பது, வந்தால், வருஷத்துக்குச் சில நிமிஷம். மீதியெல்லாம் கைதட்டலுக்கு முன்னாலுள்ள நேரம். அந்த நேரத்தைப் படமாக எடுக்க முடியுமா? எடுத்தால் யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா?

எடுத்திருக்கிறார்கள். மராத்தியில் சைதன்ய தம்ஹாணே எடுத்த 'தி டிசைப்பிள்', அதாவது 'சிஷ்யன்', 2020-ல் வெனிஸ் விழாவில் திரைக்கதைக்கான பரிசு பெற்றது. 2001-ல் மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' போன பிறகு, அவ்விழாவின் பிரதானப் போட்டிக்குப் போன முதல் இந்தியப் படம் அதுதான். பெரிய ஸ்டூடியோ எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. தம்ஹாணேயின் முதல் படமான 'கோர்ட்'டைத் தயாரித்து அதில் வக்கீலாகவும் நடித்த விவேக் கோம்பர்தான் இதையும் தயாரித்தார்.

கதாநாயகன் ஷரத், பம்பாயில் ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டுக் கற்கும் பையன். படத்தின் தொடக்கத்தில் குரு பாடுகிறார். இவன் பின்னால் தம்பூராவுடன் உட்கார்ந்திருக்கிறான். சற்று நேரத்தில் ஒரு போட்டி. பரிசு பெற்றவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். இவன் பெயர் வரவில்லை. நமது இளைஞரின் கதை இந்தத் தோல்வியைப் பிற்பாடு வரும் வெற்றிக்கு வட்டியோடு முதலாகப் போட்டு வைத்திருக்கும். தம்ஹாணே அந்த வியாபாரம் செய்யவில்லை. பெயர் வரவில்லை என்றால் வரவில்லை. பையன் மறுநாளும் உட்கார்ந்து பாடுகிறான்.

குருவுக்குக் குருவான 'மாயி' என்ற அம்மாளின் பேச்சுகளைப் பழைய ஒலிநாடாவிலிருந்து கேட்டுக்கொண்டே அவன் இரவில் ஆளற்ற ரஸ்தாக்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகிறான். சங்கீதம் ஒரு தவம், பணமும் புகழும் வேண்டுமென்கிறவன் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்கிற ரீதியில் போகிறது அந்தக் குரல். குரல் கொடுத்தவர், தாமே சிறந்த டைரக்டரான சுமித்ரா பாவே, 2021-ல் காலமாகிவிட்டார். பையன் குருவுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறான். வைத்தியச் செலவைப் பார்க்கிறான். வயது ஏறுகிறது. ஒரு கச்சேரியில் பாதியில் நிறுத்திவிட்டு மேடையைவிட்டு எழுந்து போகிறான். பழைய இசைத்தட்டுகளில் ஊறிய ரசிகர் ஒருவர் மாயியைப் பற்றி இழிவாகச் சில விஷயங்களைச் சொல்ல, கையிலிருந்ததை அவர் முகத்தில் கொட்டிவிட்டு வெளியேறுகிறான். கோபம் அவர் பொய் சொன்னதற்கா, அல்லது அது உண்மையாக இருந்துவிடுமோ என்பதற்கா? டைரக்டர் சொல்லவில்லை.

கடைசிக் காட்சியில் ரயிலில் மனைவியோடும் குழந்தையோடும் உட்கார்ந்திருக்கிறான். பிச்சை கேட்டு ஒருவன் பாடிக்கொண்டே வருகிறான். ஷரத் பார்க்கிறான். அவ்வளவுதான் படம்.

எவ்வளவு உழைத்தாலும் சிலருக்கு அது வாய்ப்பதில்லை என்ற உண்மையைச் சொல்ல நம் சினிமா பயப்படும். சங்கீத ஆசிரியர்களும் பெற்றோர்களும்கூடப் பயப்படுவார்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ பாட்டுச் சொல்லி வைக்காத வீடு நம்மில் குறைவு. அவர்களில் எத்தனை பேர் மேடை ஏறினார்கள் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. ஏறாதவர்கள் எல்லாரும் வீணாய்ப் போனவர்களா? தம்ஹாணே இந்தக் கேள்வியை நம் மடியில் வைத்துவிட்டுப் போகிறார். எனக்குத் தெரிந்து இதைவிடக் கருணையான படம் இந்த விஷயத்தில் இல்லை; ஏனெனில் அது பொய்யான ஆறுதல் சொல்லவில்லை.

இன்னொரு விசேஷம். ஷரத்தாக வரும் ஆதித்ய மோதக் பயிற்சி பெற்ற பாடகர். குருவாக வரும் அருண் திராவிட் கிஷோரி அமோன்கரிடம் கற்றவர். ஆகவே பாவனை வேண்டியிருக்கவில்லை. காமிரா ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். விரலை மறைக்கவும், உதட்டை மறைக்கவும் நிமிஷத்துக்கு இருபது தடவை வெட்ட வேண்டியதில்லை. "படம் ரொம்ப மெதுவாகப் போகிறது" என்று என் சிநேகிதர் ஒருவர் குறைப்பட்டார். இதே சிநேகிதர் ஒரு வித்வான் முக்கால் மணி காம்போதி ஆலாபனை செய்தால் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பவர். அங்கே மெதுவாகப் போவது சௌக்கியம், இங்கே குற்றம்!

ஆனாலும் அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பாட்டுக் கற்க வேண்டும் என்று ஷரத் நினைத்தபோது யாரும் அவனை வாசலில் நிறுத்தி, 'நீ யார்?' என்று கேட்கவில்லை. தகப்பனாரே சங்கீதப் பித்துப் பிடித்தவர். கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனபின் வரும் துன்பத்தைத்தான் படம் சொல்கிறது.

கதவின் கதையைச் சொன்னது நம் தமிழ்ப் படம். ராஜீவ் மேனன் எடுத்த 'சர்வம் தாள மயம்' 2018-ல் டோக்கியோ விழாவில் காட்டப்பட்டு, 2019 பிப்ரவரியில் இங்கே வெளிவந்தது. மிருதங்கம் செய்து கொடுக்கும் கிறிஸ்தவ தலித் குடும்பத்துப் பையன் பீட்டர், மிருதங்கம் வாசிக்க ஆசைப்படுகிறான். தோலைப் பதம் பார்த்து, வார் பிடித்து, கரணை இட்டு, சுருதி கூட்டிக் கொடுக்கும் கைக்கு, அதே தோலின்மேல் ஜதி சொல்லப் பாத்தியதை உண்டா இல்லையா? பெரிய கேள்வி. டி.எம். கிருஷ்ணா 2020-ல் மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. வேம்பு ஐயராக நெடுமுடி வேணு வெகு அருமை, ஜி.வி. பிரகாஷ்குமார் உமையாள்புரம் சிவராமனிடமே இதற்காக அப்பியாசம் செய்தார். அவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் கேள்விக்கான தீர்ப்பை ஒரு டெலிவிஷன் போட்டியிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்! ஜெயித்தவனுக்குத்தான் கதவு திறக்கும் என்றால், சுமாராக வாசிக்கும் ஏழைப் பையனின் கதி என்ன? சுமாராக வாசிக்கும் பெரிய வீட்டுப் பையனை யாரும் இப்படிக் கேட்பதில்லையே?

ஆக, ஒரு படத்தில் கதவு இருக்கிறது, காலம் இல்லை. மற்றதில் காலம் இருக்கிறது, கதவு இல்லை. நாயனம் வாசிக்கும் பையனைப் பற்றி எடுப்பதென்றால் இரண்டும் வேண்டும். இதைத்தான் அந்த இளைஞரிடம் சொன்னேன்.

நாயனக்காரனின் நிலைமை விசித்திரமானது. அவன் வாசிப்பது சுத்தமான கர்நாடக சங்கீதம். ஆனால் வாசிக்கும் இடமோ கோயில் பிராகாரம், தெரு, கல்யாணப் பந்தல். பந்தலில் அவன் தோடியில் ஒரு பிடியைப் பிடித்து மேலே போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணவறையிலிருந்து ஒரு விரல் ஆடுகிறது: "கெட்டிமேளம்!" ராகம் அந்த இடத்திலேயே அறுந்துவிட வேண்டும். அவனுடைய நேரம் அவனுடையதல்ல. இதைவிடக் கூர்மையான காட்சி சினிமாவுக்குக் கிடைக்குமா? 110 பக்கத்தில் இது ஓரிடத்திலும் இல்லை. அவர் தினம் பார்க்கிற காட்சி என்பதால் கண்ணில் படவில்லை போலும்.

பிறகு காரியத்துக்குரிய சில யோசனைகளும் சொன்னேன். வாசிக்கத் தெரிந்த பையன்களையே நடிக்க வையுங்கள். சீவாளியை நனைத்துப் பதம் பார்ப்பதையும், தவில்காரர் விரலுக்குக் கூடு மாட்டிக்கொள்வதையும் நடிகனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. சத்தத்தை அந்த இடத்திலேயே பிடியுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மேளக்காரர்கள் ஓய்வாக இருப்பார்கள். அந்த மாதங்களில் அவர்களுக்கு வருமானமும் குறைவு என்பதை மறக்காமல் தினக்கூலியை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். தியாகையர் 1847-ல் மறைந்தவர். அவர் கீர்த்தனைக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பாபநாசம் சிவன் பாட்டு என்றால் 2033 முடியும் வரை உரிமை உள்ளவர்களைக் கேட்டாக வேண்டும்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "கைதட்டல் இல்லேன்னா யாருங்க சார் பாப்பாங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. சொந்தமாகப் படம் எடுக்கிறவனுக்கு முதலாளி இல்லை என்பதே சுதந்திரம். முதலாளி இல்லை என்பதே ஆபத்தும். அவனுக்கு மிச்சமிருப்பது ரசிகர் ஒருவர்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதையை நினைத்துக்கொள்கிறேன். தர்மபுரிதான் பழைய தகடூர். அதியமான் ஆண்ட ஊர். பாணர்கள் யாழைத் தூக்கிக்கொண்டு வள்ளல்களைத் தேடி நடந்த காலம் அது. பரிசு பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழி சொல்வதற்கென்றே 'ஆற்றுப்படை' என்று ஒரு பாட்டு வகை உண்டு. அதில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில், ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த செய்தியும் வருகிறது. ஆற்றுப்படையில் அரண்மனை கடைசியில்தான் வரும்; அதற்கு முன்னால் பசியும் வெயிலும் வழியும்தான் நிறைய. பாடியவர்களுக்கு வழி முக்கியமாகப் பட்டிருக்கிறது.

அந்த நெல்லிக்கனி நீண்ட ஆயுளைத் தருவது என்பார்கள். அதாவது அதியமான் தன்னுடைய காலத்தை எடுத்து ஒரு பாடும் மனுஷிக்குக் கொடுத்தான். நம்மிடம் யாரும் ஆயுளைக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கேட்கிறார்கள். நடுவில் கையிலுள்ள டெலிபோனைப் பார்க்காமல் கொடுக்கக் கேட்கிறார்கள்.

இளைஞர் மார்கழியில் மறுபடி வந்தார். கதை இப்போது 80 பக்கம். சபா மேடை போய்விட்டது, கெட்டிமேளம் வந்திருக்கிறது. கடைசிக் காட்சி மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை என்றார். "அவசரமில்லை தம்பி" என்றேன்.

படம் நன்றாக வருமா என்று எனக்குத் தெரியாது. ஷரத்துக்கு வாய்க்காதது இவருக்கும் வாய்க்காமல் போகலாம். ஆனால் எங்காவது ஒரு சின்னக் கூடத்தில், நாற்பது நாற்காலி போட்டு, இப்படி ஒரு படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், தயவுசெய்து முதல் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடாதீர்கள். பையன் அப்போதுதான் சீவாளியை நனைத்துக்கொண்டிருப்பான்.