மன்னார் முத்தை ரசிப்பது எப்படி?

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் எதிரே, கடலடியிலுள்ள பார்கள் என்னும் சிப்பித் திட்டுகளில் குளித்தெடுத்த முத்துகளை அணிகலனாக மட்டும் பார்த்தால் பாதி அழகே கண்ணில் படும். காயமுற்ற உயிர் தன் காப்பு வேலையை ஓரிடத்துக்குள் அடக்கிக்கொண்டதன் தடயமாகப் பார்த்தால் மறுபாதியும் துலங்கும்.

மணல் துகள்தான் முத்தாகிறது என்ற பழங்கதையை முதலில் கைவிட வேண்டும். 1902இல் இலங்கைக்கு வந்த உயிரியலாளர் ஹேர்ட்மனும் அவருடன் ஆய்ந்த ஹோர்னெலும் சிப்பியின் இழையத்தில் நாடாப்புழுக் குடம்பிகளைக் கண்டு, அவையே முத்துக்குக் காரணம் என்றனர். அக்கருத்து பின்னர் கேள்விக்குள்ளானது. எதிர்க்கரையில், தூத்துக்குடியில், 1973இல் ஆய்வாளர் அழகர்சாமி உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கியபோது, சிப்பிக்குள் வைத்த மணியோடு, ஓட்டைச் சுரக்கும் தோல்மடிப்பாகிய மென்மூடியின் சிறு துண்டும் சேர்க்கப்பட்டது. அத்துண்டின் கலங்களே மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து முத்துப்பொருளைச் சுரந்தன. மரிச்சுக்கட்டி வணிகர் இந்தப் பையைக் கண்டிருக்க வழியில்லை. சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவியே அவர்கள் முத்தெடுத்தார்கள்.

முத்துப்பை ஒருபுறமிருக்க, காயத்தை எதிர்கொள்ளும் சிப்பியிடம் பிறபொருளெதிரிகள், அதாவது குறிப்பிட்ட நோய்க்கிருமியை இனங்கண்டு பற்றும் புரதங்கள், இல்லை. அதன் குருதிக்கலங்கள் சிறிய அந்நியத்தை விழுங்கும், பெரியதைச் சூழ்ந்து அடைக்கும். மனிதரிலும் முதலில் ஓடிவருபவை இத்தகைய கலங்களே என்பதால், இக்காப்பு ஓரிடத்தில் அடங்காவிட்டால் என்னாகும் என்பதைக் காட்ட, திடீரென வரும் கணைய அழற்சியை இங்கே ஒப்பிடுவது பொருந்தும். பித்தக்கல்லாலோ மதுவாலோ தூண்டப்பட்டு, குடலில் விழிக்க வேண்டிய திரிப்சின் என்னும் செரிமான நொதியம் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்ள, சிதைந்த கலங்களிலிருந்து கசியும் பொருள்கள் வெண்குருதிக் கலங்களை அழைக்கின்றன. பெரும்பாலானோருக்கு அழைப்பு அத்துடன் அடங்கி, ஒரு வாரமளவில் நோய் தணிகிறது. சிலருக்கோ இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுப் புரதங்கள் குருதியெங்கும் பரவி, நுண்குழாய்கள் கசிய, நுரையீரலும் சிறுநீரகமும் தளர்கின்றன. உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதனைக் கடும் நிலை என 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு வரையறுக்கிறது. எரிந்து தீர்ந்த நிர்ப்பீடனம் பின்னர் தளர்வதும் உண்டு. இறந்த கணைய இழையத்தில் கிருமி தொற்றுவது அப்போதுதான் எளிதாகிறது.

ஓரிடத்தில் அடங்கும் காப்புக்கும் உடலெங்கும் பரவும் காப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு முத்தைப் பகல் வெளிச்சத்தில், ஒரு சாளரத்தருகே, மெல்ல உருட்ட வேண்டும். அரை மைக்ரோன் அளவே தடிப்புள்ள அரகோனைற்றுத் தகடுகள் செங்கல் அடுக்குப்போல் படிந்திருப்பதாலேயே ஒளி பலவாகப் பிரிந்து, மேற்பரப்பில் நிறங்கள் நகர்கின்றன. அடுக்கு ஒழுங்கற்றிருந்தால் ஒளி மங்கும். வணிகர் ஆணி என முதலிடம் தந்தது உருண்டையும் ஒளியும் கூடிய முத்துக்கே, அந்தத் தரம்பிரிப்பில் குறை ஏதுமில்லை. ஆயினும் ஊடுகதிர்ப் படமே கூடுதலாகப் பேசும்: மணியிட்டு வளர்த்த முத்தில் நடுவே பெரிய மணி தெரியும், இயற்கை முத்திலோ மையத்திலிருந்தே வளையங்கள் தொடங்கும்.